நீலமேகம் கீலமேகம்

பொதுமக்கள் அனைவரும் எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவிப்பு. இன்று காலை பத்தரை மணிக்கு வரலாறு இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. பிரிந்த இரண்டும் ஒரே உறையில் போடப்படும். இனி இந்நாட்டின் எந்த வாசலும் ஒரே ஒரு மதிப்பைத்தான் வெளியே விடும். சேர்ந்து எத்தனை பேர் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். அவர்களில் வெளியே வருவது ஒன்று. இருவராக வெளியே வர விரும்புவோர் உரிய அலுவலகத்தில் முறைப்படி 'இணை' ஆகிக்கொள்ள வேண்டும். எழுந்து நிற்பவர்கள் இப்போது உட்காரலாம்.

ஒலிபெருக்கியில் இதை வாசித்தவருக்குச் சளி. முடிவில் இரண்டு முறை இருமினார். அதுவும் அறிவிப்பில் சேர்த்தி என்று நினைத்து எங்கள் தெருவில் எல்லாரும் இரண்டு முறை இருமினோம்.

என் பெயர் நீலமேகம். வயது ஐம்பத்தொன்று. கணினிக்கு நிரல் எழுதுவது தொழில். அந்த 'இணை'யை எழுதியவன் நான்தான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் தொழிலில் இது பழைய சங்கதி. நிரலுக்குள் ஒரு வேலையைச் செய்யச் சொல்லி அனுப்பினால், அது ஒரே ஒரு விடையோடுதான் திரும்பி வரும். இரண்டு விடை வேண்டுமென்றால் இரண்டையும் ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவை ஒரு விடை என்று சொல்லி அனுப்ப வேண்டும். டப்பாவில் இரண்டே அறை. முதல் மதிப்பு, இரண்டாம் மதிப்பு. இரண்டடுக்கு டிபன் கேரியர் மாதிரி. மேலே சாதம், கீழே குழம்பு, கையில் பிடிப்பது ஒன்று. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. இதற்கு ஓர் இயக்ககம் தொடங்கத்தான் பெரிய அறிவு வேண்டும்.

தொடங்கினார்கள். இணையாக்க இயக்ககம் என்று பெயர் வைத்தார்கள்.

முதல் நாளே ஊரில் சில மாற்றங்கள் தெரிந்தன. எங்கள் வார்டு கவுன்சிலர் நாற்பது பேர் புடைசூழக் கல்யாண மண்டபத்துக்குள் போனார். தனியாக வெளியே வந்தார். தனியாக இருந்ததால் அவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஷேர் ஆட்டோவில் நடுவில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளையும் பெண்ணும் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். பந்தி பதினேழாவது முறையாக நடக்கிறது.

மூன்று மாதம் கழித்து நானும் என் மனைவி சௌதாமினியும் இயக்ககத்துக்குப் போனோம். வாசலில் அவள் நின்றாள்.

"ஏங்க, இணை ஆகாம வெளிய வர முடியாதுன்னா, இணை ஆகறதுக்கு எதுக்குங்க உள்ள போகணும்?"

"உள்ளதானே அலுவலகம் இருக்கு."

"வெளிய ஒரு மேஜை போடக் கூடாதா?"

"மேஜையை யாரு வெளிய விடுவா?"

அவளுக்கு இது சரியாகப் பட்டது. உள்ளே போனோம்.

நடைக்கூடம் சுத்தமாக இருந்தது. நான் ஒரு கொட்டாவி விட்டேன். கூடம் பத்தடி நீண்டது. சௌதாமினி, "இன்னும் எவ்ளோ தூரம்?" என்றாள். கூடம் இடப்பக்கம் ஒரு வளைவு எடுத்தது. அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு நடந்தோம்.

சுவரோரம் வரிசையாகச் சிலர் நின்றார்கள். ஒருவர் கையில் எட்டுக் கோப்புகள். இன்னொருவர் தலையில் மேஜை விசிறி. எல்லார் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருந்தது. கோப்பு வைத்திருந்தவர் எண் நூற்றுப் பதினான்கு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியராம்.

"அஞ்சு மணிக்குக் கதவு சாத்துவாங்க," என்றார் நூற்றுப் பதினான்கு. "அதுக்கு மேல உள்ள இருக்கறது எல்லாம் ஆபீஸ் தளவாடம். நானும் என் தம்பியும் வந்தோம். தம்பி வெளிய போயிட்டான்."

"கஷ்டமா இல்லையா சார்?"

"மாசத்துக்கு ஒரு தடவை தூசி தட்டறாங்க. வீட்ல அதுகூட இல்ல."

சௌதாமினி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தளவாடங்களைத் துடைப்பதே அவளுக்குப் பிடிக்காது. தளவாடமாக ஆவது கொஞ்சமும் பிடிக்காது. அப்போது மணி மூன்று இருபது.

கூடத்தின் கடைசியில் ஒரு கவுன்ட்டர் இருந்தது. அதில் தணிகாசலம் என்ற எழுத்தர் இருந்தார். பெயர் மேஜையில் இருந்தது. அவர் நிமிரவில்லை.

"பேரு கீரு சொல்லுங்க."

"நீலமேகம்."

"அது பேரு. கீரு?"

கீர் எங்கிருந்து வந்தது என்று இந்த உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு கூட்டம் நடந்தது. நீளமான மேஜை, ஒவ்வொருவர் முன்னாலும் தண்ணீர் பாட்டில். இயக்ககத்தின் இயக்குநர் எனக்குத் தேவைகளைச் சொன்னார். "எழுதிக்கோங்க. ஒவ்வொருத்தருக்கும் பேரு கீரு எல்லாம் பதிவாகணும். ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது." நான் எழுதிக்கொண்டேன். முதல் மதிப்பு: பேர். இரண்டாம் மதிப்பு: கீர். கீர் என்றால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. கூட்டத்தில் கேள்வி கேட்பவன் முட்டாளாகத் தெரிவான். அதனால் கேட்கவில்லை. மேஜையைச் சுற்றி இருந்த பதினோரு பேரும் அதே காரணத்துக்காகத் தலையாட்டினார்கள். ஒருவர், "கீர் ரொம்ப முக்கியம்," என்றும் சொன்னார். அவருக்கு அப்புறம் பதவி உயர்வு கிடைத்தது.

"கீரு இல்லாம பதிய முடியாது சார்," என்றார் தணிகாசலம். "பரவால்ல, மெஷினே போட்டுக்கும்."

இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது. முதல் மதிப்பு நீலமேகம். இரண்டாம் மதிப்பு கீலமேகம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். என் உயரம், என் மூக்கு. என் சட்டைதான் போட்டிருந்தார், ஆனால் இஸ்திரி போட்டது.

"கிணக்கம்," என்றார்.

"வணக்கம்," என்றேன்.

"கிணக்கம் கிணக்கம்."

"இவர் யாருங்க?" என்றாள் சௌதாமினி.

"கீலமேகம்."

"என்ன பண்றாரு?"

"கீலை," என்றார் கீலமேகம் பணிவாக.

"இணை முடிஞ்சுது," என்றார் தணிகாசலம். "ரெண்டு பேரும் கிளம்பலாம். அம்மா, உங்க பேரு கீரு?"

"இருங்க. நானும் அவரும்தான் இணை ஆக வந்தோம்."

"அவருக்கு ரெண்டு அறையும் ரொம்பிடுச்சேம்மா. நீங்க தனிப் பதிவு. பேரு?"

"சௌதாமினி."

இயந்திரம் மறுபடி துப்பியது. இரண்டாம் மதிப்பு கீதாமினி.

"ஐயோ," என்றாள் சௌதாமினி. "என் பேரைவிட நல்லா இருக்கே!"

கீதாமினி எங்கிருந்தோ வந்து அவள் பக்கத்தில் நின்றாள். தலையில் மல்லிகைப்பூ. சௌதாமினி தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காலையில் பூ வாங்கித் தரச் சொன்னதும் நான் மறந்ததும் அந்த ஒரு தொடலில் தெரிந்தன.

இப்போது நாங்கள் நான்கு பேர், இரண்டு இணை. நானும் சௌதாமினியும் சேர்ந்து உள்ளே வந்தவர்கள். வாசல் ஓர் இணையைத்தான் வெளியே விடும். ஒன்று நானும் கீலமேகமும் போகலாம். அல்லது அவளும் கீதாமினியும் போகலாம். மற்ற இணையின் முதுகில் பெயின்ட் அடிப்பார்கள். மணி மூன்று ஐம்பது.

"என் ரெண்டாம் மதிப்பை எடுத்துட்டு இவங்களைப் போடுங்க," என்றேன்.

"போட முடியாது சார். ஒரு தடவை போட்டா போட்டதுதான். மாத்தறதுக்கு வழியே வைக்கல. யாரோ ஒரு புண்ணியவான் அப்படி எழுதியிருக்கான்."

நான் கூரையைப் பார்த்தேன். அந்தப் புண்ணியவான் அதற்காகப் பாராட்டு வாங்கியவன். இணைக்குள் போட்ட மதிப்பை யாரும் மாற்ற முடியாதபடி செய்வதே நல்ல நிரலுக்கு அடையாளம் என்று ஒரு கருத்தரங்கில் நாற்பது நிமிடம் பேசியவன். 'மாறாமையின் மாண்பு' என்பது தலைப்பு. சால்வை போர்த்தினார்கள்.

"அந்தப் புண்ணியவான் மட்டும் என் கையில கிடைச்சான்னா..." என்றாள் சௌதாமினி.

"கிடைச்சா?" என்றேன்.

"கீதாமினிய விட்டு அடிக்கச் சொல்வேன்."

"கிடிக்கிறேன்," என்றாள் கீதாமினி சந்தோஷமாக.

பெரியவரைப் பார்ப்பது என்று முடிவானது. மூன்று வளைவுகள் நடந்தோம். கதவில் பித்தளைப் பலகை இருந்தது. 'இணை இயக்குநர்.' ஜாயின்ட் டைரக்டர் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள்.

இருவரும் ஒரே ஆள். அன்றைக்கு எனக்குத் தேவைகளைச் சொன்ன கிள்ளிவளவன்தான். அன்று ஒருவராக இருந்தார். பெயரே கி-யில் தொடங்குவதால் அவருடைய கீரும் கிள்ளிவளவன் என்றே வந்துவிட்டது. ஒரே மேஜைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள். இரண்டு நாற்காலிகளிலும் பூப்போட்ட துண்டு. இருவருக்கும் ஒரே கண்ணாடி, ஒரே மீசை, ஒரே கம்பீரம்.

"உட்காருங்க," என்றார்கள்.

"கிட்காருங்க," என்றார் கீலமேகம்.

"பண்பானவர்," என்று அவரைப் பாராட்டினார் இடப்பக்கக் கிள்ளிவளவன்.

நான் விஷயத்தைச் சொன்னேன். இருவரும் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமினார்கள்.

"இது பொருள் நோக்கிய ஆட்சி," என்றார் வலப்பக்கத்தவர். "இங்கே எல்லாமே பொருள். நீங்கள் ஒரு பொருள். இந்தப் பேனா ஒரு பொருள். மாண்புமிகு அமைச்சரே ஒரு பொருள்."

"கொஞ்சம் பெரிய பொருள்," என்றார் இடப்பக்கத்தவர்.

"சார்," என்றாள் சௌதாமினி. "இந்தக் கீலமேகம்னா என்ன பொருள்?"

"கீலமேகம் என்பதற்குத் தனியாகப் பொருள் கிடையாது அம்மா."

"பொருளே இல்லாதவர் எப்படி சார் பொருள் ஆனாரு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள். கண்ணாடி பார்ப்பது போல இருந்ததால் இடப்பக்கத்தவர் மீசையைச் சரிசெய்துகொண்டார்.

"இதற்கு ஒரு கமிட்டி கிமிட்டி போட்டுப் பார்க்க வேண்டும்," என்றார் வலப்பக்கத்தவர்.

பக்கத்து அறையில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. கமிட்டி கூடிவிட்டது. அடுத்த அறையிலும் சத்தம் கேட்டது. கிமிட்டி அதைவிட விறுவிறுப்பாக நடந்தது.

மணி நான்கு இருபது. நான் என் முதுகில் என்ன எண் வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவளை அனுப்பிவிட்டு நான் நிற்பதென்று மனத்துக்குள் தீர்மானித்திருந்தேன். தியாகம் என்று தோன்றியது. வேலைக்குப் போக வேண்டாம் என்றும் தோன்றியது.

"சௌதா, நீ போ," என்றேன். "நான் இருக்கேன். ஃபேன் வைக்கறதுக்கு ஆகலாம்."

"சும்மா இருங்க. வீட்ல இருக்கறப்பவே ஒரு பாத்திரம் கழுவ ஆகலை, இங்க ஃபேன் வைக்க ஆகப்போறாராம்." அவள் இயக்குநர்கள் பக்கம் திரும்பினாள். "சார், இணைக்கு ரெண்டு அறைன்னு கவுன்ட்டர்ல சொன்னாரே, டிபன் கேரியர் டப்பா மாதிரி. அதுல என்னென்ன போடலாம்?"

"எந்த வகைப் பொருளும் போடலாம் அம்மா. ஆள், மாடு, நாற்காலி. அதுதான் இதன் சிறப்பு."

"டப்பா போடலாமா?"

"டப்பாவும் பொருள்தான்."

"அப்ப என் டப்பா ஒரு அறையில, அவர் டப்பா ஒரு அறையில. ரெண்டையும் போட்டு மூடிடுங்க. ஒரே டப்பா. யாரையும் மாத்தவும் வேணாம், கீத்தவும் வேணாம்."

இணைக்குள் இணை. நான் இந்தத் தொழிலில் இருபத்தேழு வருடம் இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை இணைக்குள் இணை போடுகிறேன். அன்று மட்டும் அது எனக்குத் தோன்றவில்லை. என்னை வைத்துப் போட வேண்டியிருந்ததால் இருக்கலாம்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றேன்.

"கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம்," என்றாள்.

தணிகாசலத்தைக் கூப்பிட்டார்கள். அவர் புதிய தாளுடன் வந்தார். "முதல் மதிப்பு யாரு, ரெண்டாம் மதிப்பு யாரு? வரிசை முக்கியம். மாத்திப் போட்டா அது வேற இணை."

"எழுதுங்க, நீலமேகம்..." என்று ஆரம்பித்தேன்.

"எதுக்கு? கல்யாணப் பத்திரிகையில உங்க பேரு முதல்ல. ரேஷன் கார்டுல முதல்ல. கரன்ட் பில்லுல நீங்க மட்டும்தான், நான் கிடையவே கிடையாது. இதுல நான் முதல்."

கடிகாரம் நான்கு முப்பத்தைந்திலிருந்து நான்கு நாற்பத்தைந்துக்குத் தாவியது. நான் தாமதிக்கவில்லை.

"அவங்க முதல்," என்றேன். முதல் அறையில் சௌதாமினியும் கீதாமினியும். இரண்டாம் அறையில் நானும் கீலமேகமும். தணிகாசலம் தாளை மேஜையில் வைத்தார். "சாருங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

இரண்டு கிள்ளிவளவன்களும் பேனாவைத் திறந்தார்கள். திறந்தபடி அப்படியே இருந்தார்கள்.

"என்ன சார் ஆச்சு?" என்று தணிகாசலத்திடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஆபீஸ்ல கீழ இருக்கறவர் முதல்ல போடணும், மேல இருக்கறவர் கடைசியில போடணும். இவங்கள்ல யாரு முதல்ல போடறதுன்னு மூணு மாசமா தெரியல. எல்லா ஃபைலும் இங்கதான் நிக்குது."

"நீங்கள் போடலாமே," என்றார் இடப்பக்கத்தவர்.

"நீங்கள் போட்ட பிறகு," என்றார் வலப்பக்கத்தவர்.

"நாம் சமம் அல்லவா?"

"சமம்தான். ஆனால் நான் நீங்கள் அல்ல."

நான்கு ஐம்பது. வெளியே யாரோ பெயின்ட் டப்பாவைத் திறக்கும் ஓசை கேட்டது. டர்பன்டைன் வாசனை வந்தது. கீலமேகம் மட்டும் எதற்கும் பதறாமல் மேஜையில் இருந்த ஒரு பேனாவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டைக்குப் பேனா பொருத்தமாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. நான் குனிந்து அவர் காதில் சொன்னேன்.

"வள்ளிவளவன்."

அவர் தலையாட்டினார். தாளை இழுத்தார். அழகாக, நிதானமாக எழுதினார். கிள்ளிவளவன்.

அவர் வாழ்க்கையில் எழுதிய முதல் பொருளுள்ள சொல் அதுதான். அடியில் ஒரு கோடும் போட்டார்.

இடப்பக்கத்தவர் தாளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. வலப்பக்கத்தவர் முதலில் போட்டுவிட்டார் என்று நினைத்தார். வலப்பக்கத்தவர் தாளைப் பார்த்தார். அவர் முகமும் மலர்ந்தது. இருவரும் மற்றவரைப் பெருந்தன்மையோடு பார்த்துச் சிரித்தார்கள். மூன்று மாதப் போட்டியில் இருவரும் ஜெயித்துவிட்டார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

"மூணு கையெழுத்து இருக்கே," என்றார் தணிகாசலம்.

"கிருக்கட்டும்," என்றார் கீலமேகம்.

தணிகாசலம் முத்திரை குத்தினார்.

நடைக்கூடத்தில் ஓடினோம். யாரும் கேள்வி கேட்கவில்லை, யாரும் கொட்டாவி விடவில்லை. அதனால் அது எங்களுக்கு முன்னால் சுருங்கிக்கொண்டே வந்தது. வழியில் ஒருவன் தூரிகையோடு என் முதுகைப் பார்த்து வந்தான். சௌதாமினி தாளைத் தூக்கிக் காட்டினாள். அவன் ஏமாற்றத்தோடு பக்கத்திலிருந்த ஸ்டூலுக்குப் போனான். ஸ்டூல், "எனக்கு ஏற்கெனவே நம்பர் இருக்கு," என்றது.

வாசலில் காவலுக்கு ஓர் அம்மாள் நின்றாள். தாளை மேலும் கீழும் பார்த்தாள். எங்கள் நால்வரையும் பார்த்தாள்.

"எத்தனை?"

"ஒண்ணு," என்றாள் சௌதாமினி.

அந்த அம்மாள் விரல் விட்டு எண்ணினாள். "ஆமா, ஒண்ணுதான்," என்றாள். கதவைத் திறந்தாள்.

நால்வரும் வெளியே வந்தோம். வெயில் சாய்ந்திருந்தது. எங்களுக்குப் பின்னால் கதவைச் சாத்தினார்கள். மணி ஐந்து. சௌதாமினி படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கீதாமினி தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி அவளுக்கு வைத்துவிட்டாள். பிறகு கீதாமினியும் கீலமேகமும் முன்னால் பேசிக்கொண்டே நடந்தார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. சண்டை இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

"பாருங்க, அவர் அவளுக்கு எவ்ளோ பதில் சொல்றாரு," என்றாள் சௌதாமினி.

"ம்," என்றேன்.

பேருந்து நிறுத்தம் கட்டடத்துக்குப் பின்பக்கம் இருந்தது. சுற்றிக்கொண்டு போனோம். அங்கே ஒரு பஜ்ஜிக் கடை. தணிகாசலமும் இரண்டு கிள்ளிவளவன்களும் எங்களுக்கு முன்பே அங்கே நின்று, ஆளுக்கொரு தாளில் வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள்.

"நீங்க எந்த இணையில சார் வெளிய வந்தீங்க?" என்று தணிகாசலத்திடம் கேட்டேன்.

அவர் வாயில் பஜ்ஜி இருந்தது. முழங்கையால் கட்டடத்தைக் காட்டினார்.

கட்டடத்துக்குப் பின்சுவர் கட்டவே இல்லை.